ரத்தக்கொதிப்புக்கு மூலிகை: நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள்!

ஒரகடம் கூட்ரோட்டில் காலை ஐந்தரை மணி. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். டீக்கடை வாசலில் ஒருவர் கையில் செல்போன், அதில் ஒரு வீடியோ ஓடுகிறது. பி.பி. மாத்திரையை இன்றே தூக்கி எறியுங்கள், சமையலறையில் இருக்கும் மூன்று பொருட்கள் போதும் என்கிறது அந்தக் குரல். நான்கு பேர் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். பார்த்து முடித்ததும் நான்கு பேருமே அதை வேறு நாற்பது பேருக்கு அனுப்புகிறார்கள். ஆக, மருத்துவம் முடிந்தது!

இந்தக் கூட்டத்தில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 37. வந்தவாசிப் பக்கத்து ஊர்க்காரர். காண்ட்ராக்ட் வேலை, மாத்தூரில் மூன்று பேருடன் பங்கு போட்டு வாடகை அறை. போன வருடம் நடந்த மெடிக்கல் கேம்ப்பில் அவருடைய ரத்த அழுத்தம் 160/100 என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு ஆயுசு முழுக்க இங்கிலீஷ் மருந்து என்று நிறுத்திவிட்டார். இப்போது மச்சான் வாங்கிக் கொடுத்த மூலிகைப் பொடியைக் காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கிறார். டப்பா 300 ரூபாய். பொடி ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட பி.பி. பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? அதுதான் நன்றாக இருக்கிறாரே!

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இவரைத் தெரியாதவர்கள் இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம் வடகால் வரை எந்த சிப்காட்டிலும் இருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலேயே கூட ஒருவர் இருக்கலாம்.

இந்தக் கட்டுரை மூலிகையைக் கேலி செய்வதற்காக அல்ல. மூலிகைக்கு சக்தி உண்டு என்பதுதான் இதன் வாதமே. சக்தி உள்ள ஒரு பொருளை அளக்காமல் விழுங்குவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதுதான் விஷயம்.

பெயரிலேயே தவறு இருக்கிறது

ரத்தக்கொதிப்பு என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது, அந்தப் பெயர் நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறது. கொதிப்பு என்றதும் உடம்பு சூடாகும், முகம் சிவக்கும், கோபம் வரும், தலை வலிக்கும் என்று நினைக்கிறார்கள். இதெல்லாம் இல்லையென்றால் கொதிப்பும் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியையும் காட்டாது. 160/100 இருப்பவர் லாரியில் லோடு ஏற்றலாம், வாலிபால் ஆடலாம், ஓவர்டைம் பார்க்கலாம். உள்ளே ரத்தக் குழாய்களும், இதயமும், சிறுநீரகமும், மூளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் லைனில் நிற்கும்போது வலது கை மரத்துப் போகும், பேச்சு குழறும். பலருக்கு அதுதான் முதல் அறிகுறி!

ஆக, இது உணர்ந்து அறியும் நோயல்ல, அளந்து அறியும் நோய். கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை இத்தாலியைச் சேர்ந்த ரிவா ரோச்சி 1896-ல் வெளியிட்டார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து சத்தம் கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்கிடும் முறையை ரஷ்ய டாக்டர் கோரட்கோவ் 1905-ல் சொன்னார். அதற்கு முன்பு உலகத்தில் எந்த வைத்தியருக்கும் ஒரு மனிதனின் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று சாதாரணமாகச் சொல்ல வழியில்லை. லண்டன் டாக்டருக்கும் இல்லை, நம் ஊர் சித்த வைத்தியருக்கும் இல்லை. நாடி பார்ப்பது வேறு, அழுத்தம் பார்ப்பது வேறு.

இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், ஐயாயிரம் வருடமாக நம் முன்னோர்கள் பி.பி.யை மூலிகையால் குணப்படுத்தினார்கள் என்று ஒரு கூட்டம் மேடை போட்டுப் பேசுகிறது. அறிகுறியே இல்லாத, அளக்கக் கருவியும் இல்லாத ஒரு நோயை எப்படிக் கண்டுபிடித்தார்கள், குணமானதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? முன்னோர்கள் காய்ச்சல், கட்டி, பேதி, மஞ்சள் காமாலை என்று கண்ணுக்குத் தெரிந்த நோய்களைக் கூர்ந்து கவனித்தவர்கள். அவர்களைக் குறைத்துப் பேச யாருக்கும் தகுதியில்லை. ஆனால் அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்லிக் காசு பார்ப்பது அவர்களுக்கு மரியாதையா?

மூலிகையைப் பார்த்து சிரிப்பவர்களுக்கு ஒரு வேரின் கதை

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மூலிகை என்று சொன்னாலே உதட்டைச் சுழிப்பார்கள். எல்லாம் புல்லு பூண்டு சமாச்சாரம், அதில் ஒன்றுமில்லை என்பார்கள். இவர்களுக்கு சர்ப்பகந்தாவைப் பற்றித் தெரியாது என்று அர்த்தம்.

சர்ப்பகந்தா ஒரு சின்ன செடி. அதன் வேரை பாம்புக்கடிக்கும், தூக்கமின்மைக்கும், மனநோய்க்கும் இந்தியாவில் பல பகுதிகளில் கொடுத்து வந்தார்கள். வட இந்தியாவில் அதற்கு பைத்தியத்துக்கான மருந்து என்றே ஒரு பெயர் உண்டு. 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் மனநோயோடு உயர் ரத்த அழுத்தத்துக்கும் பயன்படும் புதிய இந்திய மருந்து என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே வருடம் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி அந்த வேரிலிருந்து சில வேதிப்பொருட்களைப் பிரித்தெடுத்தார். யுனானி மருத்துவர் ஹகீம் அஜ்மல் கானின் நினைவாக அவற்றில் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர் வைத்தார்.

அடுத்து பம்பாய். ருஸ்தம் ஜால் வகீல் என்ற இதய மருத்துவர் இந்த வேரைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை, அளந்தார். வேறு சிகிச்சையில் சரியாகாத 50 பேரின் ரத்த அழுத்தத்தைக் குறித்து வைத்தார். எத்தனை பேருக்குக் குறைந்தது, எவ்வளவு குறைந்தது, என்ன பக்கவிளைவு வந்தது என்று எல்லாவற்றையும் எழுதி 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி 1952-ல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற சரக்கைத் தனியே எடுத்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ராபர்ட் வில்கின்ஸ் அதைச் சோதித்தார். 1956-ல் உட்வர்ட் ரிசர்பினை ஆய்வகத்திலேயே செய்து காட்டினார். 1957-ல் வகீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. மருத்துவத்தில் நோபலுக்கு அடுத்து மதிக்கப்படும் விருது அது.

கதை இதோடு முடியவில்லை. உயர் ரத்த அழுத்தத்தைக் குறைத்தால் உண்மையிலேயே உயிர் பிழைக்குமா என்பது 1960-கள் வரை டாக்டர்களுக்கே சந்தேகம். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரீஸ் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. மிக அதிக அழுத்தம் உள்ள 143 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 73 பேருக்கு ரிசர்பினும் வேறு இரண்டு மருந்துகளும் சேர்ந்த மாத்திரை. 70 பேருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. 1967-ல் முடிவு வந்தது. டம்மி சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு, அதில் 4 பேர் இறந்தே போனார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் கடுமையான பாதிப்பு 2 பேருக்கு மட்டும், ஒருவரும் இறக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். பி.பி.யைக் குறைத்தால் உயிர் காக்கலாம் என்று உலகத்துக்கே காட்டிய சோதனையில் இருந்த மூன்று மருந்துகளில் ஒன்று இந்திய மண்ணில் முளைத்த வேர்! இதைவிட ஒரு மூலிகைக்கு வேறு என்ன கௌரவம் வேண்டும்?

அதே வேர் பொடிக்காரர்களுக்குச் சொல்லும் பாடம்

இந்தக் கதையைக் கேட்டதும் பொடி விற்பவர்கள் கைதட்டுவார்கள். பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம் என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையில் உங்களுக்கு சாதகமாக ஒரு வரியும் இல்லை.

முதலில், மருந்துக் கம்பெனிகள் மூலிகையின் உண்மையை மறைக்கின்றன என்கிறீர்கள். சர்ப்பகந்தாவை சீபா மறைத்ததா? அள்ளிக்கொண்டு போய் மாத்திரையாக்கி உலகம் முழுக்க விற்றது. வேலை செய்யும் மூலிகை கிடைத்தால் எந்தக் கம்பெனியும் மறைக்காது. பாட்டிலில் அடைத்துப் பேடன்ட் வாங்கிவிடும். சீனாவில் ஒரு செடியிலிருந்து மலேரியா மருந்தைக் கண்டுபிடித்த தூ யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். சதி எங்கே இருக்கிறது?

இரண்டாவது, மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்கிறீர்கள். ரிசர்பின் என்ன செய்கிறது? நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் நார்அட்ரீனலின் என்ற பொருளைக் காலி செய்கிறது. அதனால் ரத்தக் குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் குறைகிறது. ஆனால் அது கை கால் நரம்போடு நிற்பதில்லை, மூளையிலும் அதே வேலையைச் செய்கிறது. அளவு அதிகமானவர்களுக்கு மனச்சோர்வு வந்தது. தற்கொலை எண்ணம் வந்தவர்களும் உண்டு. மூக்கடைப்பு, வயிற்றுப்புண் எல்லாம் வந்தன. 1950-களிலேயே டாக்டர்கள் இதையெல்லாம் பதிவு செய்தார்கள். அதனால்தான் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பிறகு அதைவிட நல்ல மருந்துகள் வந்ததும் ரிசர்பின் பின்வரிசைக்குப் போனது. இயற்கையானது என்றால் தீங்கில்லாதது என்று அர்த்தமில்லை. பாம்பு விஷமும் இயற்கைதான்! அதையும் சும்மா விடவில்லை. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்துதான் காப்டோப்ரில் என்ற பி.பி. மாத்திரைக்கே வழி கண்டுபிடித்தார்கள். அதற்காக யாராவது பாம்பைப் பிடித்துக் கடிக்க விடுகிறார்களா?

மூன்றாவதுதான் முக்கியமானது. ரிசர்பின் மாத்திரையில் ஒரு நாள் அளவு சாதாரணமாக கால் மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. அதாவது ஒரு கிராமை நாலாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. சர்ப்பகந்தா வேரில் ரிசர்பின் எவ்வளவு இருக்கும் என்பது வேருக்கு வேர் மாறும். செடியின் வயது, மண், பருவம், காயவைத்த விதம் எல்லாவற்றையும் பொறுத்தது அது. இப்படிப்பட்ட சரக்கை டீஸ்பூனில் அளந்து வெந்நீரில் கலக்கச் சொன்னால் அது வைத்தியமா, லாட்டரிச் சீட்டா?

வகீலுக்கும் பொடி விற்பவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கிலீஷ் மருத்துவம், நாட்டு மருத்துவம் என்பதல்ல. இருவர் கையிலும் மூலிகைதான் இருந்தது. ஒருவர் அளந்து எழுதி வைத்தார். இன்னொருவர் விலையை மட்டும் எழுதி ஒட்டுகிறார்!

செல்போனில் வரும் மூலிகைகள்

சரி, சர்ப்பகந்தாவை விடுங்கள், வீட்டுச் சரக்குகள் என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

செம்பருத்தி டீ. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 65 பேரை வைத்துச் சோதித்தார்கள். தினம் மூன்று கப் வீதம் ஆறு வாரம் குடித்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. 2010-ல் வெளியான ஆய்வு அது. நல்ல செய்திதான். ஆனால் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். அவர்கள் சோதித்தது நம் வீட்டு வாசலில் பூக்கும் சிவப்புச் செம்பருத்தி அல்ல. அதன் உறவான புளிச்சகீரைச் செடியின் காய்ந்த புல்லி இதழ்கள்! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே குடும்பப் பெயர் இருப்பதால், யாரோ மொழிபெயர்த்து, யாரோ வாசல் செடியின் படத்தைப் போட்டு, லட்சம் பேருக்குப் போய்விட்டது. இன்னொன்று, அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு லேசான அழுத்தம்தான். 160 இருப்பவருக்கு 7 குறைந்தால் 153. அதுவும் ஆபத்தான எண்தான்.

பூண்டு. ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. சில புள்ளிகள் குறையலாம் என்று தெரிகிறது. பெரும்பாலும் பூண்டுச் சாறு மாத்திரைகளை வைத்து நடந்த ஆய்வுகள். ரசத்தில் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் பூண்டு மாத்திரைக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அதிமதுரம். இதுதான் உண்மையான வேடிக்கை. தொண்டைக்கு நல்லது, உடம்புக்குக் குளிர்ச்சி என்று பலரும் தினமும் சாப்பிடும் சரக்கு. தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும்! உடம்பில் உப்பைத் தேக்கி பொட்டாசியத்தை வெளியேற்றும். மருத்துவ நூல்களில் தெளிவாக இருக்கும் விஷயம் இது. எத்தனை பொடி டப்பாக்களில் அதிமதுரம் இருக்கிறது என்று லேபிளைப் படித்துப் பாருங்கள். லேபிள் இருந்தால்!

இந்துப்பு. பி.பி. இருப்பவர்கள் சாதா உப்புக்குப் பதில் இதை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று ஆர்கானிக் கடையில் சொல்வார்கள். நிறம்தான் வேறு. அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பல மடங்கு விலை கொடுத்து அதே உப்பை வாங்குகிறார்கள்.

டப்பாவில் எழுதாத சரக்கும் இருக்கலாம். பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது என்று 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும். பி.பி.யைக் குறைக்கச் சாப்பிட்ட பொடியே அதை ஏற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது?

சட்டம் இருக்கிறது, சட்டம் மட்டும்தான் இருக்கிறது

மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே இந்தியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். இந்தந்த நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. அந்தப் பட்டியலில் ரத்த அழுத்தம் இருக்கிறது. அதாவது பி.பி.யை அடியோடு குணப்படுத்துவோம் என்று சுவரில் எழுதுவதே குற்றம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை அந்த ரோட்டில் ஒரு தடவை போய்வந்து எத்தனை சுவரில், எத்தனை மின்கம்பத்தில் இந்தச் சட்டம் ஒழுங்காக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!

பெரிய இடங்களிலும் இதே கதைதான். ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற நோய்களைக் குணப்படுத்துவதாக பதஞ்சலி நிறுவனம் செய்த விளம்பரங்களை எதிர்த்து இந்திய மருத்துவ சங்கம் 2022-ல் உச்சநீதிமன்றம் போனது. 2023 நவம்பரில் நீதிமன்றம் எச்சரித்தது. விளம்பரம் நிற்காததால் 2024-ல் அவமதிப்பு நடவடிக்கை வந்தது. ராம்தேவும் பாலகிருஷ்ணாவும் நேரில் நின்று மன்னிப்பு கேட்டார்கள், பத்திரிகையிலும் மன்னிப்பு விளம்பரம் போட்டார்கள். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு 2024 ஆகஸ்டில் அந்த நடவடிக்கையை முடித்தது. விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களிடம் மன்னிப்பு கேட்டது யார்?

பொடி ஏன் விற்கிறது?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தொழிலாளி என்ன முட்டாளா? ரோபோவோடு சேர்ந்து கார் செய்கிறவர், மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்து பாகத்தை ரிஜெக்ட் செய்கிறவர் எப்படி அளக்காத பொடியை நம்புகிறார்?

இங்கேதான் பொடி விற்பவரைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போக வேண்டும் என்றால் அரை நாளாவது போகும். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும், பல இடங்களில் அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போகும். காண்ட்ராக்ட் ஆளுக்கு இன்னொரு பயம். பி.பி. இருப்பது தெரிந்தால் அடுத்த காண்ட்ராக்டில் பெயர் இருக்குமா? பொடி விற்பவர் லீவு கேட்பதில்லை, ரெக்கார்டு எழுதுவதில்லை. அறை வாசலுக்கே வருகிறார். அண்ணே, சாப்டீங்களா, தூக்கம் வருதா என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுகிறார். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசும் டாக்டரை அந்தத் தொழிலாளி கடைசியாக எப்போது பார்த்தார்?

பி.பி. எதனால் வருகிறது என்பதையும் பேச வேண்டும். வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட். பகலில் தகர ஷீட் அறையில் வராத தூக்கம். கேன்டீன் சாம்பாரில் உப்பு, ஊறுகாயில் உப்பு, ராத்திரி புரோட்டா சால்னாவில் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூன். கேன்டீனில் அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதால் மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. தூக்கத்தையும் ஓய்வையும் பிடுங்கிக்கொண்ட இடத்தை எந்த மூலிகை நிரப்பும்? உன் பி.பி.க்கு நீதான் காரணம், இந்தப் பொடியைக் குடி என்று சொல்வது கம்பெனிக்கும் வசதி, பொடிக்காரருக்கும் வசதி.

ஆனால் தொழிலாளியும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கு சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளி கட்டுகிறார், 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார். 15,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளி பங்கு 112 ரூபாய் 50 காசு, முதலாளி பங்கு 487 ரூபாய் 50 காசு. மாதம் 600 ரூபாய் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது! அதில் பி.பி. மாத்திரை இலவசம். ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2024-ல் தொழிற்சாலைகளுக்கே வந்து பரிசோதிக்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் வந்தது. உரிமையாகக் கிடைக்கும் மருந்தை விட்டுவிட்டு 300 ரூபாய்க்குப் பொடி வாங்குவது யாருக்கு லாபம்?

செய்ய வேண்டியது என்ன?

சித்த மருத்துவத்தை மூட்டை கட்டி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகப் போனால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005-ல் திறந்தார்கள். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். மூலிகைதான் வேண்டும் என்றால் அங்கே போங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எந்தச் சூரணம், எத்தனை பேருக்கு, எத்தனை வாரம், எத்தனை புள்ளி குறைந்தது என்ற கணக்கைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. சித்த மருத்துவத்தை உண்மையாக நேசிப்பவர்கள்தான் அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் ஆராய்ச்சி நிறுவனம், ஒரு மணி நேரப் பயணத்தில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள். வகீல் 50 பேரை வைத்துக்கொண்டு உலகத்தைத் திரும்ப வைத்தார். இங்கே ஆட்களுக்கா பஞ்சம்?

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. போனஸ், சம்பள உயர்வு கோரிக்கைகளோடு இன்னும் மூன்றைச் சேருங்கள். கேன்டீன் சாப்பாட்டில் உப்பின் அளவு. ஷிப்ட்டுக்கு நடுவே யார் வேண்டுமானாலும் போய் பி.பி. பார்க்க ஒரு கருவி, ஒரு நர்ஸ். பி.பி. இருக்கிறது என்பதற்காகக் காண்ட்ராக்ட் ஆளை நீக்கக்கூடாது என்ற எழுத்துபூர்வமான உறுதி. ஒரு காரின் கதவுக்குச் செலவாகும் காசுகூட இதற்கு ஆகாது.

கடைசியாக, அந்த 37 வயதுக்காரருக்கு. பொடி நல்லதா கெட்டதா என்று உங்களோடு சண்டை போட யாரும் வரவில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பொடி குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். இந்த வாரம் ஒரு நாள், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை நீட்டி அளந்து பாருங்கள். 140/90-க்கு மேலே இருந்தால் மறுநாளும் பாருங்கள், பிறகு டாக்டரிடம் போங்கள். அளந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி உங்கள் மச்சானிடமும் காட்டுங்கள்.

உங்கள் கைவழியாகப் போகும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்க்காமல் அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்ப மாட்டீர்கள். உங்கள் உடம்பை மட்டும் ஏன் அளக்காமல் அனுப்புகிறீர்கள்?